மூணு திரை, ஒரு கழுத்து

1987-இல் தூர்தர்ஷனில் ராமாயணம் ஓடிய ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் எங்கள் தெருவில் ஒரு டிவிக்கு முப்பது தலைகள். அதே வருஷம் அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனி 'மெக்கின்டாஷ் டூ' என்று ஒரு கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதன் வயிற்றுக்குள் கூடுதலாக வீடியோ கார்டுகளைச் செருகினால், ஒன்றுக்கு மேற்பட்ட மானிட்டர்களை மாட்டி, மவுஸ் அம்பை இதிலிருந்து அதற்குத் தாவவிடலாம். நாம் ஒரு திரைக்கு முப்பது பேர் அடித்துக்கொண்டிருந்தபோது, அங்கே ஒரு ஆளுக்கு இரண்டு திரை!

பதினோரு வருஷம் கழித்து வந்த விண்டோஸ் 98, ஒன்பது மானிட்டர் வரை தாங்கும் என்றது. ராவணனுக்கே ஒன்றுதான் குறைச்சல்.

ஆனால் அந்தக் காலத்தில் இது சாமானியர் சமாசாரம் இல்லை. ஒரு மானிட்டருக்கு ஒரு கார்டு என்று கணக்கு. மானிட்டர் என்பதும் கண்ணாடிக் குழாய் வைத்த குண்டோதரன். பதினேழு அங்குல மானிட்டரைத் தூக்கி மேஜையில் வைத்தவர்கள் அன்று முழுவதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். 1999-இல் மேட்ராக்ஸ் கம்பெனி 'ஜி 400' என்ற கார்டில் ஒரே அட்டையிலிருந்து இரண்டு திரைக்குப் படம் அனுப்பிக் காட்டியது. 2009-இல் ஏ.டி.ஐ. கம்பெனி சாதாரண வீட்டுக் கார்டிலேயே மூன்று திரைக்கு வழி பண்ணியது. அப்புறம் மானிட்டர்கள் அப்பளம் மாதிரி மெலிந்தன. இப்போது ஆசைக்குத் தடையாக இருப்பது பர்ஸ் ஒன்றுதான். அதற்கும் ஈ.எம்.ஐ. என்று மருந்து இருக்கிறது.

அந்த மருந்தைப் பற்றித்தான் சமீபத்தில் என் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"டேய், இவன் ரூம்ல மூணு டிவி வாங்கி மாட்டப் போறானாம்டா. ஒன்றரை லட்சமாம். நீதான் இதெல்லாம் தெரிஞ்சவனாச்சே, என்னன்னு கேளு."

அக்கா மகனுக்கு ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. படிப்புக் கடன் இன்னும் பாதிகூட அடையவில்லை. மாசம் பிறந்தால் பேங்க் முதல் ஆளாகக் கையை நீட்டுகிறது. இதற்கு மேல் இன்னொரு ஈ.எம்.ஐ. என்றால் அக்காவுக்கு வயிற்றில் புளியைக் கரைக்காதா?

பையன் லிஸ்டைக் காட்டினான். இருபத்தேழு அங்குல 'ஃபோர் கே' மானிட்டர் மூன்று. அவற்றை ஓட்ட அறுபத்தைந்தாயிரத்துக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு. கார்டுக்குச் சோறு போட ஒரு பெரிய பவர் சப்ளை. மொத்தம் 1,60,000 ரூபாய்.

"எதுக்குடா இவ்வளவு பெரிய கார்டு?"

"மூணு ஸ்கிரீன் மாமா... கார்டு இல்லாம எப்படி ஓடும்?"

இந்த ஒரு வரியில்தான் பலருடைய பணம் போகிறது. எனவே இதை முதலில் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல் ஒரு வேலை, பரிமாறுவது வேறு வேலை. கம்ப்யூட்டருக்குள் படத்தை உருவாக்குவது சமையல். உருவான படத்தைத் திரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பரிமாறல். ஓடும் குதிரை, அதன் நிழல், தண்ணீரில் அதன் பிம்பம் என்று விளையாட்டுகளில் விநாடிக்கு அறுபது முறை புதுசு புதுசாகச் சமைக்க வேண்டும். அதற்குக் கல்யாண சமையல்காரர் கட்டாயம் தேவை. அவர்தான் தனி கிராபிக்ஸ் கார்டு. எக்ஸெல் ஷீட், ஈமெயில், பிரவுசர் எல்லாம் தயிர்சாதம். சமைக்க ஒன்றுமில்லை, பரிமாறினால் போதும். அந்த வேலைக்கு பிராசசரின் உள்ளேயே இலவசமாக உட்கார்ந்திருக்கும் சின்ன கிராபிக்ஸ் தாராளம்.

எத்தனை இலைக்குப் பரிமாறும்? 2021 கடைசியில் வர ஆரம்பித்த பன்னிரண்டாம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களில், உள்ளே கிராபிக்ஸ் உள்ளவை நான்கு திரை வரை தாங்கும். அதற்குச் சில தலைமுறை முந்தையவை மூன்று. ஏ.எம்.டி.யில் 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசையிலிருந்து பெரும்பாலான டெஸ்க்டாப் பிராசசர்களுக்குள் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருக்கிறது. இன்டெல் பிராசசரின் பெயரில் 'எஃப்' என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் உஷார். உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கினவர்கள், அப்புறம் கார்டு வாங்கியே தீரவேண்டும்.

பையனுடையது எஃப் இல்லாத பன்னிரண்டாம் தலைமுறை. "பின்னாடி என்னென்ன துளை இருக்கு, பாருடா" என்றேன். மேஜைக்கு அடியில் புகுந்து, ஒரு வருஷத்து ஒட்டடையோடு வெளியே வந்தான். "ஒரு எச்.டி.எம்.ஐ., ஒரு டிஸ்ப்ளே போர்ட், ஒரு வி.ஜி.ஏ." ஆக மூன்று திரைக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு வருஷமாக இரண்டு துளை சும்மா தூங்குகிறது. இவன் அறுபத்தைந்தாயிரத்துக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறான்.

"கேம்ஸும் ஆடுவேன் மாமா" என்றான், கடைசி அஸ்திரமாக.

"கடைசியா எப்போ ஆடினே?"

"ஃபைனல் இயர்ல."

சரி, கார்டு போகட்டும். மூன்று திரை வேண்டுமா என்பதுதான் அடுத்த கேள்வி.

2006-இல் பில் கேட்ஸ் தான் எப்படி வேலை செய்கிறேன் என்று 'ஃபார்ச்சூன்' பத்திரிகையில் எழுதினார். அவர் மேஜையில் மூன்று திரை. இடது பக்கம் வந்திருக்கும் ஈமெயில்களின் பட்டியல். நடுவில் படித்துப் பதில் எழுதிக்கொண்டிருக்கும் ஈமெயில். வலது பக்கம் பிரவுசர், அதாவது அந்த ஈமெயிலில் சொன்ன பக்கத்தைத் திறந்து பார்க்க. கவனியுங்கள், திரை மூன்று என்றாலும் வேலை ஒன்றுதான். ஒரே வேலையின் மூன்று பக்கங்களை மூன்று திரையில் விரித்து வைத்திருக்கிறார் மனுஷர்.

நம்ம ஆசாமிகள் பலர் எப்படி? நடுவில் ஆபீஸ் வேலை, இடது பக்கம் வாட்ஸப், வலது பக்கம் கிரிக்கெட். மூன்று திரை, மூன்று வேலை. இதில் நடுவில் இருப்பதுதான் சம்பளம் தருகிறது, அதைத்தான் கம்மியாகப் பார்க்கிறோம்.

அதனால் நான் சொல்லும் சூத்திரம் இதுதான். இரண்டாவது திரை, பார்க்கும் வேலையின் இன்னொரு பக்கமாக இருந்தால் லாபம். இன்னொரு வேலையாக இருந்தால் நஷ்டம். பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஒரு பக்கமும் கணக்குப் புத்தகத்தை இன்னொரு பக்கமும் வைத்து வரிக்கு வரி டிக் அடிப்பவருக்கு இரண்டாவது திரை வரப்பிரசாதம். ஆல்ட்டையும் டேபையும் மாற்றி மாற்றி அமுக்கி, எந்த வரியில் இருந்தோம் என்று தேடும் அவஸ்தை போகும். புரோகிராம் எழுதுகிறவருக்கு இங்கே எழுத்து, அங்கே விளைவு. மொழிபெயர்ப்பவருக்கு இங்கே மூலம், அங்கே மொழிபெயர்ப்பு. மூன்றாவது திரைக்கு இதேபோல் ஒரு காரணம் சொல்ல முடிந்தால் வாங்குங்கள். "பார்க்க ஜோரா இருக்கும்" என்பதுதான் காரணமென்றால் ஒரு மீன் தொட்டி வாங்குங்கள். மலிவு, கண்ணுக்கும் நல்லது.

இனி மானிட்டர். நான் பார்த்தவரை, எல்லோரும் கார்டுக்கு முக்கால் பணத்தைக் கொட்டிவிட்டு மானிட்டரில் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள். தினம் எட்டு மணி நேரம் முறைத்துப் பார்க்கப்போவது எதை? பெட்டிக்குள் இருக்கும் கார்டையா?

அங்குலம் மட்டும் கேட்டால் போதாது, புள்ளிக் கணக்கும் கேட்க வேண்டும். 'ஃபுல் எச்.டி.' என்றால் குறுக்கே 1920 புள்ளி, உயரத்தில் 1080. பெருக்கினால் சுமார் 21 லட்சம். 'ஃபோர் கே' என்றால் இதைப்போல் சரியாக நான்கு மடங்கு, சுமார் 83 லட்சம். ஃபுல் எச்.டி. மானிட்டர் மூன்றை வரிசையாக வைத்தாலும் ஒரு ஃபோர் கே-யின் புள்ளிகளுக்கு ஈடாகாது. இந்த 21 லட்சத்தை 24 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 92 புள்ளி வரும், எழுத்து ஒழுங்காகத் தெரியும். அதையே 27 அங்குலத்தில் இழுத்துப் பரப்பினால் 82 தான். ரசத்தில் தண்ணீர் விட்டு நாலு பேருக்குப் பதில் ஆறு பேருக்கு ஊற்றின கதை. எழுத்தின் ஓரம் பிசிறு தட்டும். 27 அங்குலம்தான் வேண்டுமென்றால் குறுக்கே 2560, உயரத்தில் 1440 புள்ளி உள்ளதாக வாங்குங்கள். அங்குலத்துக்கு 109 வரும், கண் நன்றி சொல்லும்.

அடுத்தது பேனல் ரகம். ஒரே மானிட்டர் என்றால் நேருக்கு நேர் பார்ப்போம். இரண்டு மூன்று என்றால் ஒன்றையாவது சாய்வாகத்தான் பார்த்தாக வேண்டும். 'டி.என்.' ரகம் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் மாறும். கணக்கில் மஞ்சள் பூசிய வரி எது, வெள்ளை எது என்று குழப்பும். 'ஐ.பி.எஸ்.' ரகத்தில் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. கடையில் மானிட்டருக்கு நேராக மட்டும் நிற்காதீர்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் அத்தைப் பாட்டி பார்ப்பது மாதிரி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்ந்து பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

ஸ்டாண்டு உயரம் மாறுமா என்று கேளுங்கள். மாறாவிட்டால் பின்னால் நான்கு திருகுத் துளை உள்ளதா பாருங்கள். 100-க்கு 100 அல்லது 75-க்கு 75 மில்லிமீட்டர் இடைவெளி என்பது பொது அளவு. அந்தத் துளை இருந்தால் பிற்பாடு தனியாக ஒரு கை வாங்கி மாட்டி, வேண்டிய உயரத்துக்கு ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் மானிட்டர்கள் ஒரே அங்குலமும் ஒரே புள்ளிக் கணக்கும் கொண்டதாக இருந்தால் உத்தமம். இல்லாவிட்டால் இங்கே எறும்பு எழுத்து, அங்கே போஸ்டர் எழுத்து. 2013-இல் வந்த விண்டோஸ் 8.1 முதல் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாக எழுத்து அளவு வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் ஜன்னலை இங்கிருந்து அங்கே இழுக்கும்போது அது குதித்துப் பெரிசாகிச் சின்னதாகும்.

அப்புறம் மேஜை! இதை ஏனோ யாரும் அளப்பதில்லை. 27 அங்குல மானிட்டர் குறுக்கே சுமார் இரண்டடி. மூன்று வைத்தால் கிட்டத்தட்ட ஆறடி. பையனின் மேஜை நாலடி. மூன்றாவதை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். டேப் எடுத்து அளந்து காட்டியதும்தான் பையன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

கேபிளிலும் ஒரு கண் வேண்டும். பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 துளையில் ஃபோர் கே படம் விநாடிக்கு 30 தடவைதான் வரும், மவுஸ் அம்பு மப்பில் நடக்கிற மாதிரி இழுக்கும். 60 தடவை வேண்டுமானால் எச்.டி.எம்.ஐ. 2.0 அல்லது டிஸ்ப்ளே போர்ட் 1.2 வேண்டும். டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குப் பெரும்பாலும் சின்ன, மலிவான அடாப்டர் போதும். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து டிஸ்ப்ளே போர்ட்டுக்கு மாற்ற, மின்சாரம் வாங்கி வேலை செய்யும் தனி கன்வெர்ட்டர் வேண்டும். திசை தெரியாமல் வாங்கினால் கறுப்புத் திரைதான். வி.ஜி.ஏ. துளையை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், எழுத்து கொஞ்சம் மங்கும்.

லேப்டாப்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. யு.எஸ்.பி. 'சி' துளை எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான். ஆனால் எல்லாவற்றிலும் படம் வராது, சிலது சார்ஜுக்கும் ஃபைலுக்கும் மட்டும். உங்கள் மாடலின் விவரத்தைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 2020-இல் வந்த 'எம் 1' மேக்புக் ஏர் மாதிரி, விலை அதிகமாக இருந்தும் வெளியே ஒரே ஒரு மானிட்டரை மட்டும் ஏற்கும் ஆசாமிகளும் உண்டு.

கார்டே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. விளையாட்டு, வீடியோ எடிட்டிங், முப்பரிமாண டிசைன் என்று நிஜமாகவே சமைக்கிறவர்கள் கட்டாயம் வாங்குங்கள். வாங்கும்போது நாலு விஷயம். ஒன்று, உங்கள் பவர் சப்ளை அதற்குத் தாங்குமா? இரண்டு, கார்டின் நீளம் பெட்டிக்குள் அடங்குமா? மூன்று, பின்னால் எத்தனை துளை, எந்த ரகம்? வீட்டு கார்டுகள் பெரும்பாலும் நான்கு திரையோடு நிறுத்திக்கொள்ளும். நான்கு, மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல. அறுபதாயிரத்துக்குச் சமையல்காரரை அமர்த்திவிட்டு ஓட்டலில் சாப்பிடுகிறவர்கள் நம்மிடையே நிறைய.

மின்சாரம் போனால்? பெட்டியை மட்டும் யு.பி.எஸ்.ஸில் மாட்டி மானிட்டர்களைச் சுவரில் மாட்டினால், ஃபைல் பத்திரமாக இருக்கும், அதை சேவ் பண்ணத்தான் கண் தெரியாது. வேலை பார்க்கும் முக்கியத் திரையாவது யு.பி.எஸ்.ஸில் இருக்கட்டும். 24 அங்குல எல்.இ.டி. மானிட்டர் ஒரு டியூப்லைட் அளவுக்குக்கூட மின்சாரம் தின்பதில்லை. பழைய குண்டோதரன் காலம் இல்லை இது.

கடைசியாகக் கழுத்து. இதற்குத்தான் ஸ்பேர் கிடையாது, ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் விசாரித்துவிட்டேன். இரண்டு திரையையும் சமமாகப் பார்ப்பவர், இரண்டும் சேரும் கோடு மூக்குக்கு நேராக வருமாறு வைக்கட்டும். ஒன்றை அதிகம் பார்ப்பவர், அதை நேர் எதிரிலும் மற்றதைப் பக்கத்தில் கொஞ்சம் உள்பக்கமாக வளைத்தும் வைக்கட்டும். மேல் விளிம்பு கண் மட்டத்தில், அல்லது ஒரு விரல் கீழே. தூரம் ஒரு கை நீளம். நேராகப் பார்க்க வேண்டியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், மானிட்டரில் மிச்சம் பிடித்ததைத் தைலத்துக்கும் டாக்டருக்கும் பிரித்துக் கொடுக்கலாம்.

அக்கா மகன் முடிவு என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஏற்கெனவே இருந்த 24 அங்குலத்துக்குத் தோதாக, இன்னொரு 24 அங்குல ஐ.பி.எஸ். மானிட்டர். உயரம் மாறும் ஸ்டாண்டு. பதின்மூன்றாயிரத்துக்குள் முடிந்தது, ரொக்கமாக. கார்டு இல்லை, பவர் சப்ளை இல்லை, ஈ.எம்.ஐ. இல்லை. அந்த ஈ.எம்.ஐ.க்கு ஒதுக்க இருந்த பணம் மாசாமாசம் படிப்புக் கடனில் கூடுதலாகப் போகிறது. "மூணாவது டிவி எங்கேடா?" என்று கேட்டு அக்கா இப்போது அவனைச் சீண்டுகிறாளாம்.

நீங்களும் இரண்டாவது திரைக்கு ஆசைப்படுகிறீர்களா? வாங்குவதற்கு முன் ஒரு செலவில்லாத பரீட்சை இருக்கிறது. வீட்டு டிவியில் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கும். கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகி, விண்டோஸ் பொத்தானையும் 'பி' எழுத்தையும் சேர்த்து அமுக்கி, 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து மானிட்டர் மாதிரி இருக்காது, பரவாயில்லை. ஒரு வாரம் இப்படி வேலை பாருங்கள். அந்த இரண்டாவது திரையில் எதைத் திறந்து வைத்தீர்கள் என்று தினம் சாயங்காலம் ஒரு சீட்டில் எழுதுங்கள். ஏழு நாளில் ஐந்து நாள் ஆபீஸ் வேலை என்று வந்தால் தயங்காமல் மானிட்டர் வாங்குங்கள். ஐந்து நாள் கிரிக்கெட் என்று வந்தால், உங்களுக்கு வேண்டியது ஏற்கெனவே ஹாலில் இருக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. சீரியல் நேரத்துக்குள் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அதற்கு மேல் நடப்பதற்கு எந்த கிராபிக்ஸ் கார்டும் ஈடு கொடுக்காது.